மாங்கா போடுகிறவன்

நவம்பர் 14, வெள்ளி

காலையில் ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த காற்று. ஏ.சி.யை நிறுத்தியாகிவிட்டது. வளைகுடாவில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது.

செய்ய வேண்டியவை: வெள்ளைப் பேன்ட் ஊறவைக்க. ஷூ ஆணியில் அப்பியிருக்கும் மண்ணைச் சுரண்ட. புளி வாங்க. நகம் வெட்ட (வலது கை, கோச் கண்ணில் படுவதற்குள்).

சாப்பிடும் நேரத்தில் பிஜு சார் போன். ராஸ் அல் கைமா டைல்ஸ் ஃபாக்டரியில் என் சூப்பர்வைசர், மலையாளி. பேஸ்பால் ஆடப் போகிறேன் என்று சொன்னபோது சிரிக்காமல் சம்பளமில்லா லீவு வாங்கிக் கொடுத்த புண்ணியவான். அதனால் அதட்டும் உரிமையும் அவருக்கு உண்டு.

"எடோ சங்கரே, பந்தெறிஞ்சு மதியாயில்லையோ, போதலையோ? ஃபோர்க்லிஃப்ட் இங்க அநாதையா நிக்குது."

"சீசன் முடியட்டும் சார்."

"முடிஞ்சா வருமோ, வராதோ? அதச் சொல்லு. வராட்டி நான் வேற ஆளப் போடணும்."

வருவேன் சார் என்றேன். பாதிப் பொய்.

நேற்று கோச் சொன்னதுதான் காரணம். எங்கள் டீமில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டிலிருந்து சீசனுக்கு வந்து சீசனோடு போகிறவர்கள். உள்ளூரிலிருந்து எடுத்த பிட்சர், பந்தெறிகிறவன், நான் ஒருவன்தான். கடைசி மேட்ச் முடிந்ததும் என்னை வருஷ காண்ட்ராக்டில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வாராம். வைத்துக்கொண்டால் தனி ஃபிளாட், குடும்ப விசா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை.

குடும்ப விசா. கல்யாணம் ஆனதிலிருந்து நானும் கலையும் ஒரே வீட்டில் இருந்ததெல்லாம் லீவில்தான். யாழினி பிறந்தபோது நான் கண்டெய்னரில் டைல்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்பா என்றால் போன். ஊருக்குப் போனால் முதல் வாரம் பக்கத்தில் வரமாட்டாள்; பழகி மடியில் உட்காரும்போது டிக்கெட் தேதி வந்துவிடும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு இது எதுவும் மாறப் போவதில்லை.

ஆசை காட்டிவிட்டு ஏமாற்றக் கூடாது, கலையிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை.

"கெடைச்சிருமாங்க?"

"பத்துக்கு அஞ்சு."

"அப்ப நான் இன்னும் துணிமணி எடுத்து வைக்கல. பத்துக்கு எட்டு ஆனதும் சொல்லுங்க."

நவம்பர் 15, சனி

மேட்ச். ஏழாவது சுற்றில் என்னை இறக்கினார் கோச். அடிக்க வந்தவர்கள் எல்லோரையும் சுத்தமாக அவுட் ஆக்கினேன். பந்து கையைவிட்டுப் போகும்போதே தெரிகிறது, சொன்ன இடத்துக்குத்தான் போகிறது என்று. இந்தச் சுகத்தை யாரிடம் சொல்வது. இங்கே எழுதிவைக்கிறேன்.

முதுகில் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் கடைசியாக இருப்பது அதுதான் என்பதால் சட்டையில் அதையே அச்சடித்துவிட்டார்கள். டீமில் எல்லோருக்கும் நான் பொன்னுசாமி. கோச்சுக்குப் பொன்னு. ஒன்பதாவது படிக்கையில் பரீட்சைக்குப் போகாமல் பந்து விளையாடியதற்காக வேப்பங்குச்சி ஒடிய அடித்த மனுஷர், இப்போது ஸ்டேடியத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். வீடியோ அனுப்பினேன். "என்னடா, ஊரான் எல்லாம் என்னைய பேர் சொல்லிக் கூப்புடுறான்" என்றார். குரலில் சந்தோஷம் வழிந்தது, மறைக்கத் தெரியாது அவருக்கு.

கலைக்கு ஆட்டத்தை மறுபடியும் விளக்கினேன். நாலு மூலை. அடித்தவன் மூலை மூலையாய் ஓடி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். அவன் அடிக்காதபடி எறிவது என் வேலை.

"கெளம்புன எடத்துக்கே திரும்பி வர்றதுக்கா இம்புட்டு ஓட்டம்?"



மத்தியானம் ஒரு நிருபர் கேட்டார், எப்படி பிட்சர் ஆனீர்கள் என்று. ஹிந்தியில் ஏதோ உளறினேன். உண்மையான பதில்: மாங்கா. எங்கள் ஊர்ப் பக்கம் கையை மடக்கி பந்து போட்டால் அது மாங்கா. கல்லால் மாங்காய் அடிக்கிற மாதிரி எறிகிறான் என்று அர்த்தம், பவுலிங்கே இல்லை என்று அர்த்தம். "சங்கர்ட்ட பந்தக் குடுக்காதடா, மாங்கா போடுவான்." டென்னிஸ் பால் டோர்னமென்ட் எதிலும் என்னைப் போட விட்டதில்லை. பவுண்டரியில் நிற்க வைத்தார்கள். இங்கே வந்து கேம்ப் டீமிலும் அதே கதை.

போன வருஷம் பேஸ்பாலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேம்ப்பிலிருந்து வேன் கிளம்பியபோது நான் சும்மா ஊர் சுற்றத்தான் ஏறினேன். எல்லோரும் கையை விறைப்பாக வைத்து ஓடி வந்து போட்டார்கள். என் முறை வந்ததும் நின்ற இடத்திலிருந்தே ஒரு மாங்கா. கோச் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். யார் உனக்கு இப்படி எறியச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். இப்படி எறியாதே என்று சொல்லிக்கொடுத்தவர்கள்தான் நிறையப் பேர்.

நவம்பர் 16, ஞாயிறு

ரெஸ்ட். ரசம், உருளைக்கிழங்கு, முட்டை. கு.பாய் மசூர் பருப்பு.

கு.பாய் என்றால் குல்ஷேர் பாய், எங்கள் கேட்சர், பெஷாவர்க்காரர். ஃபிளாட்டில் என்னோடு. விக்கெட் கீப்பராக இருந்தவர், இப்போது முகமூடி போட்டுக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து நான் எறிவதைப் பிடிக்கிறார். முட்டி போயிற்று என்று தினமும் புலம்பல். முதல் தடவை ரசம் கொடுத்தபோது "யே தவா ஹை க்யா?" என்றார். மருந்தா என்று. இப்போது டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்.

குடும்ப விசா விஷயம் அவருக்கும் தெரியும். "பாபி ஆயேகி தோ மேரா ரஸம் கௌன் பனாயேகா?" உன் பெண்டாட்டி வந்தால் எனக்கு ரசம் யார் வைப்பார்கள் என்கிறார். வந்தால் இதைவிட நன்றாக வைப்பாள் பாய் என்றேன். அப்படியானால் சீக்கிரம் வரட்டும் என்று கையை மேலே தூக்கி துவா செய்தார்.

பேன்டில் கறை போகவே இல்லை. பாலைவனத்தில் செம்மண்ணை எங்கிருந்து கொண்டுவந்து கொட்டினார்களோ.

நவம்பர் 21, வெள்ளி

காற்றில் ஈரம். வேர்வையா பனியா தெரியாத பிசுபிசுப்பு.

ராஸ் அல் கைமாவிலிருந்து வேன் நிறைய நம் பையன்கள். மணி தலைமை, கேம்ப்பில் என் மேல் கட்டில்காரன். பெட்ஷீட்டில் பேனர், "பொன்னுசாமி மகன் சங்கர்" என்று. எங்கள் டீம் தொப்பி கிடைக்காமல் ஃபாக்டரி ஹெல்மெட்டோடு இரண்டு பேர்.

கடைசிச் சுற்று. ஸ்கோர் சமம். அவர்கள் ஆள் ஒருத்தன் மூன்றாவது மூலையில், கிளம்பிய இடம், அதாவது வீடு, வந்து சேர்ந்தால் ஜெயித்துவிடுவார்கள். கோச் என்னைக் கூப்பிட்டார். படபடப்பு இல்லை, நிஜமாகவே இல்லை. நன்றாகப் போடப் போகிறேன் என்று தெரிந்தது.

காலைத் தூக்கினேன். விரல் தையலில் உட்காரவில்லை, பந்து வழுக்குகிறது. நின்றுவிட்டேன்.

அவ்வளவுதான் செய்தேன். ஊரில் எந்த பவுலரும் செய்வது. ஓடி வருவான், ஸ்டெப் தப்பும், நிற்பான், கையைத் தூக்கி ஸாரி சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பான். மறுபடி வந்து போடுவான். யாருக்கும் நஷ்டம் இல்லை. நானும் கையைத் தூக்கி ஸாரி சொன்னேன். பேட்ஸ்மேனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

அம்பயர் கத்தினார். மூன்றாவது மூலையில் நின்றவன் ஓடவில்லை, நடந்தே வீட்டுக்கு வந்தான். மேட்ச் முடிந்தது.

இதற்குப் பேர் பால்க். எறிய ஆரம்பித்துவிட்டு நிறுத்தினால், ஓடக் காத்திருப்பவனை ஏமாற்றப் பார்க்கிறாய் என்று கணக்கு. தண்டனையாக எல்லா ஆட்களும் ஒரு மூலை முன்னேறலாம். கோச் சொல்லியிருக்கிறார், வீடியோ காட்டியிருக்கிறார். தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை.

கொடுமை அதுகூட இல்லை. நம் பையன்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பந்து வழுக்கியது, யோக்கியமாக நிறுத்திவிட்டான் என்று. எதிர் டீம் குதிக்கிறது, எங்கள் டீம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறது, வேன் கோஷ்டி மட்டும் "பொன்னுசாமி! பொன்னுசாமி!"

கு.பாய் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "க்யோன் ருகா? க்யோன் ருகா யார்?" ஏன் நின்றாய், ஏன் நின்றாய். அவர் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோச் பந்துகளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

யாரோ மணிக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வேன் ஏறுமுன் வந்து தோளைத் தொட்டான்.

"நாங்க கைதட்டுனது தப்பாயிருச்சா மாப்ள?"

"பரவால்லடா."

"பிரியாணி வாங்கியாந்தோம். ஆறிப்போயிரும், சாப்புடு."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததும் எரிச்சலாக இருந்தது.

நவம்பர் 22, சனி

இன்று என்னை இறக்கவில்லை. பெஞ்ச். எங்கள் டீம் ஜெயித்தது. கைதட்டினேன், மனசு ஒட்டவில்லை.

கலை மேட்ச்சை போனில் பார்த்திருக்கிறாள். "எல்லாரும் எந்திரிச்சு கைதட்டுனாங்களே, நீங்க நல்லாப் போட்டுட்டீங்கன்னு நெனச்சு நானும் தட்டுனேன். யாழினியும் தட்டுனா." சிரித்துவிட்டேன். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு.

"பத்துக்கு எத்தனைங்க இப்ப?"

"ரெண்டு."

"சரி. அதனால என்ன. இங்க ஒண்ணும் கொறையில்ல."

குறை இல்லாமல் என்ன. அவள் அப்படிச் சொன்னதுதான் வலித்தது. எனக்கு அவர்கள் இங்கே வேண்டும். சாயங்காலம் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து யாராவது வந்து திறக்க வேண்டும்.

பிஜு சாரிடமிருந்து வாட்ஸ்அப்: ஃபோர்க்லிஃப்ட் படம், கீழே ஒரு கும்பிடு.

நவம்பர் 25, செவ்வாய்

வெயில் இதமாக. கோச் என்னை மட்டும் தனியாக வரச் சொன்னார். அனுப்பத்தான் கூப்பிடுகிறார் என்று பையைக்கூட முழுசாக எடுத்துக்கொண்டு போனேன்.

பந்தே கொடுக்கவில்லை. நான் நின்று எறியும் மேட்டின் மேல் பதித்திருக்கும் வெள்ளை ரப்பர் கட்டையில் நிற்கச் சொன்னார். அவர் இங்கிலீஷில் பாதி ஸ்பானிஷ், என் இங்கிலீஷில் பாதி தமிழ், ஆனால் விஷயம் இதுதான்: எறிய ஆரம்பிப்பதற்கு முன்னால் ஏதாவது சரியில்லையா, பின்காலைக் கட்டைக்குப் பின்னால் எடுத்து வை. விலகிக்கொண்டாய். கேட்பாரில்லை. ஆரம்பித்துவிட்டாயா, மைதானத்தில் விமானமே வந்து இறங்கினாலும் எறி.

பின்காலை எடுத்து வை. ஏறு. எடுத்து வை. ஏறு. மதியம் வரை இதேதான். ரோலர் இழுக்க வந்த பங்களாதேஷ் பாய்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துவிட்டு, "நாச் சீக் ரஹா ஹை" என்று பேசிக்கொண்டு போனார்கள். டான்ஸ் கற்றுக்கொள்கிறானாம்.

ஆனால் ஒன்று. அனுப்ப நினைத்திருந்தால் இவ்வளவு நேரம் வெயிலில் நிற்பாரா? நிற்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு பசியும் திரும்பி வந்துவிட்டது.

நவம்பர் 27, வியாழன்

முடி வெட்டியாயிற்று. கடைக்காரர் திருநெல்வேலி. பேஸ்பால் என்றதும், "அது சினிமால அமெரிக்காக்காரன் சூயிங்கம் மென்னுக்கிட்டு ஆடுவானே, அதுவாலே?" அதேதான்.

கால் பழக்கம் எல்லா இடத்திலும் வருகிறது. பல் தேய்க்கும்போது பின்காலை எடுத்து வைக்கிறேன். இன்று லிஃப்டுக்குக் காத்திருக்கையில் எடுத்து வைத்து, பின்னால் நின்ற அம்மாளின் விரலை மிதித்துவிட்டேன். மலையாளத்தில் நல்ல வார்த்தைகள் கிடைத்தன. கு.பாய் நாலாவது மாடி வரைக்கும் சிரித்தார்.

யாழினி போனில்: "அப்பா, நீ கீழ விழுந்தியா?" இல்லடா, நின்னுட்டேன், அவ்ளோதான். "நிக்கலாம், தப்பில்ல" என்றாள். பள்ளிக்கூடத்தில் மிஸ் சொல்வது போலிருக்கிறது.

நவம்பர் 29, சனி

கடைசி மேட்ச். மறுபடியும் அதே ஈரக் காற்று.

கோச் வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நினைக்கிறேன். கடைசிச் சுற்று, நாங்கள் ஒரு ரன் முன்னால். இன்னும் ஒரே ஒரு ஆள் அவுட் ஆக வேண்டும். மூன்றாவது மூலையில் ஒருத்தன் நிற்கிறான். வேறு பிட்சர்கள் சும்மா உட்கார்ந்திருக்க, "பொன்னு" என்றார்.

இந்தத் தடவை படபடப்பு நிறைய. 

கட்டையில் ஏறினேன். விரல் தையலைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. காலைத் தூக்கும் முன்னால், பின்காலை எடுத்து வைத்தேன். யாரும் கத்தவில்லை. மூன்றாவது மூலைக்காரன் நகரவில்லை. குனிந்து, வழுக்காமல் இருக்கப் பூசும் பிசின் பொடிப் பையை எடுத்து விரலில் தட்டினேன். இவ்வளவு சுலபமா இது. மறுபடி ஏறினேன்.

அடுத்தது அரை வினாடி. எறிந்தேன், அவன் அடித்தான், பந்து நேராக என் மேலேயே வந்தது. பிடித்துவிட்டேன். தரையில் படாமல் பிடித்தால் அவுட். ஜெயித்தாயிற்று. எல்லோரும் ஓடி வந்து மேலே விழுந்தார்கள்.

அப்புறம்தான் பார்த்தேன். கையுறை இடது கையில் சும்மா இருந்தது. பிடித்தது வெறும் வலது கையில்.

டென்னிஸ் பாலையும் கார்க் பாலையும் வெறுங்கையில் பிடித்து வளர்ந்தவனுக்குக் கை தானாகப் போகிறது. ஆனால் எறிகிற கையால் இதை எவனும் பிடிக்க மாட்டான் இந்த ஆட்டத்தில். கு.பாய் கட்டிப்பிடித்துக்கொண்டே, "பாகல் ஹை தூ, பாகல்" என்றார். பைத்தியமாம் நான். கோச் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பால்க் ஆன அன்று திட்டாத மனுஷர் இன்று ஸ்பானிஷில் அரை மணி நேரம் திட்டினார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, எல்லாம் புரிந்தது.

உள்ளங்கை பன் மாதிரி உப்பிவிட்டது. பேனா இடது கையில். எழுத்து கோழி கிளறியது போல.

நவம்பர் 30, ஞாயிறு

எக்ஸ்ரே. முறிவு இல்லை. வீக்கம், கட்டு, ஐஸ், மாத்திரை.

டாக்டர் நம் சென்னைக்காரர். "ஏங்க, கையுறைன்னு ஒண்ணு குடுத்திருப்பாங்களே?" கொடுத்திருந்தார்கள் டாக்டர்.

கோச்சிடமிருந்து நாளை காலை வரச் சொல்லி மெஸேஜ். வேறு ஒன்றும் இல்லை. அதையே எடுத்து எடுத்துப் படித்தேன். ரசம் கு.பாய் வைத்தார், என் கை சரியில்லை என்று. புளி அதிகம். நன்றாக இருக்கிறது பாய் என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

மேகம். இரண்டு சொட்டு மழைகூட விழுந்தது. ரோட்டில் எல்லோரும் போனை எடுத்து வீடியோ.

கோச் ரூமில் கறுப்புக் கண்ணாடி இல்லை. கட்டைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் இந்தக் கையால் ஒரு பந்தைப் பிடித்தாயானால், நானே அதை முறிப்பேன்."

தலையாட்டினேன். இனி பிடிக்க மாட்டேன் கோச் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அடுத்த வருஷம் என்றாரே.

உட்காரச் சொன்னார். மகளுக்கு எத்தனை வயது, பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிற மாதிரி ஃபிளாட் பார்க்கட்டுமா என்று கேட்டார்.  தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். இடது கையால் வாங்கிக் குடித்தேன்.

பிஜு சாருக்குப் போன். "சார், வேற ஆளப் போட்டுக்குங்க."  "நன்னாயி. ஃபேமிலி வந்ததும் வீட்டுக்குக் கூட்டிட்டு வா, மீன்கறி வைக்கச் சொல்றேன்." அப்புறம் யாரையோ திட்ட ஆரம்பித்துவிட்டார்; போனை வைக்க மறந்து.

சாயங்காலம் கலைக்கு வீடியோ கால். சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன்.

"நெசமாவா?"

"நெசந்தான்."

"வீடு, விசா, எல்லாமா?"

"எல்லாம். பேப்பர் வேலை முடிஞ்சதும் ரெண்டு பேரும் கெளம்பலாம்."

கத்துவாள், மாமியாரைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். போனை எதன் மேலோ சாய்த்து வைத்தாள். கீரைக் கட்டு மட்டும் தெரிந்தது. பிறகு முகம்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"உங்களோட நேர்ல என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியாதுங்க. லீவுல வர்றப்ப வீடு பூரா ஆளா இருக்கும், அதுலயே ஓடிரும். மத்ததெல்லாம் போன்லதான். இனிமே நாள் பூரா ஒரே வீட்டுல, நீங்களும் நானும்... எனக்குப் பயமா இருக்கு."

சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். பயமும்தான் என்று அவள் சொன்னபிறகு தெரிந்தது.

"எனக்குந்தான் கலை."

"அய்யோ, நீங்களுமா?"

அப்புறம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. நான் கைக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் கீரையை ஆய்ந்து முடிக்கிற வரைக்கும்.